யார் மேல தப்பு? இஸ்ரேல் - பாலஸ்தீன அமைதிப் பேச்சுவார்த்தை ஒவ்வொரு முறையும் உடைவது ஏன்? ஒரு முழுப் பார்வை

இஸ்ரேல் - பாலஸ்தீனம் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, 'யார் மேல தப்பு?' என்பதுதான். டிவி விவாதத்திலும் சரி, வாட்ஸ்அப் குழுவிலும் சரி, இரண்டு நிமிடத்தில் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு அணி 2023 அக்டோபர் 7-ல் இருந்து கதையை ஆரம்பிக்கும். இன்னொரு அணி 1948-ல் இருந்து ஆரம்பிக்கும்.

ஆனால், அந்த மண்ணில் இந்தக் கேள்வி வெறும் விவாதம் இல்லை. ஒவ்வொரு பேச்சுவார்த்தை தோற்றபோதும் 'இவங்கதான் கெடுத்தாங்க' என்று ஒரு முடிவு எழுதப்பட்டது. அந்த முடிவுதான் அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பது, அடுத்து யார் மேசைக்கு வருவது, வருவார்களா மாட்டார்களா என்பதையெல்லாம் தீர்மானித்தது. அது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

எந்த வருடத்தில் இருந்து கணக்கை ஆரம்பிப்பது?

இதில்தான் முதல் சண்டையே. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 நவம்பர் 2 அன்று, பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பால்ஃபர் ஒரு சிறிய கடிதம் எழுதினார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு 'தேசியத் தாயகம்' அமைய பிரிட்டன் ஆதரவு தரும் என்றது அந்தக் கடிதம். அப்போது அங்கே வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அரபு மக்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பாலஸ்தீனர்கள் தங்கள் புகார்ப் பட்டியலை இங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

யூதர்களின் கணக்கு வேறு. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக விரட்டப்பட்டு, கடைசியில் ஹிட்லரின் ஆட்சியில் 60 லட்சம் பேர் கொல்லப்பட்ட பிறகு, 'எங்களுக்கென்று ஒரு நாடு இல்லாவிட்டால் எங்களுக்கு உயிரே இல்லை' என்பது அவர்கள் கணக்கு. அதற்குக் காரணம் ஐரோப்பா, விலை கொடுத்தது பாலஸ்தீனம் என்பது அரபு தரப்பின் பதில்.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை, அந்த நிலத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 10. எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. யூதத் தலைமை ஏற்றுக்கொண்டது. அரபு தரப்பு நிராகரித்தது. அடுத்த வருடம் மே 14 அன்று இஸ்ரேல் பிறந்தது, மறுநாளே அண்டை அரபு நாடுகளின் படைகள் உள்ளே வந்தன.

அந்தப் போரில் இஸ்ரேல் ஜெயித்தது. சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் தங்கள் ஊரை விட்டு ஓடினார்கள் அல்லது விரட்டப்பட்டார்கள். திரும்பி வர அனுமதி இல்லை. இதை அவர்கள் 'நக்பா', அதாவது பேரழிவு, என்கிறார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் இராக், ஏமன், மொராக்கோ போன்ற அரபு நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லட்சக்கணக்கான யூதர்களும் வீடு வாசலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களில் பெரும்பகுதி இஸ்ரேலுக்கே வந்து சேர்ந்தது.

1967 ஜூனில் ஆறே நாள் போர். மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா, சினாய், கோலன் குன்றுகள் எல்லாம் இஸ்ரேல் கையில். இன்று வரை நடக்கும் எல்லாப் பேச்சுவார்த்தையும் இந்த ஆறு நாளில் மாறிய எல்லையைப் பற்றியதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரும் எல்லாக் குழப்பத்துக்கும் இதுதான் சாவி.

1948-க்கு முன் பிரிட்டன் ஆண்ட பாலஸ்தீனத்தை 100 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மேற்குக் கரையும் காஸாவும் சேர்த்து சுமார் 22 சதவீதம். 1988-ல் பாலஸ்தீன விடுதலை இயக்கம், அதாவது பி.எல்.ஓ, அந்த 22 சதவீதத்தில் ஒரு நாடு என்ற நிலைக்கு இறங்கி வந்தது. 'மீதி 78-ஐ ஏற்கெனவே விட்டுக்கொடுத்தாச்சு, இனிமே இறங்க என்ன இருக்கு?' என்பது பாலஸ்தீனர்களின் மனக்கணக்கு. இஸ்ரேலின் கணக்கு, 'போரில் ஜெயித்து இப்போது எங்கள் கையில் இருப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் தர்றோம், இதுக்கு மேல என்ன தாராளம் வேணும்?' என்பது. பாகப்பிரிவினையில் ஒருவர் தாத்தா காலத்துச் சொத்தை வைத்தும் இன்னொருவர் இன்றைய பட்டாவை வைத்தும் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? இருவருமே தான்தான் ஏமாந்தோம் என்று உண்மையாகவே நம்புவார்கள்.

கைகுலுக்கிய பிறகு நடந்தது என்ன?

1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளி. இஸ்ரேல் பிரதமர் யிட்ஸாக் ராபினும் பி.எல்.ஓ தலைவர் யாசர் அராஃபத்தும் கைகுலுக்க, நடுவில் இருவரையும் அணைப்பது போல் கைகளை விரித்தபடி அதிபர் பில் கிளின்டன். நார்வேயில் ரகசியமாகப் பேசி முடித்ததால் இதற்கு 'ஒஸ்லோ ஒப்பந்தம்' என்று பெயர்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலரும் பாலஸ்தீன நாடு பிறந்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால், ஒப்பந்தத்தில் 'பாலஸ்தீன நாடு' என்ற வாக்குறுதியே கிடையாது. யூதக் குடியேற்றங்களை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. ஜெருசலேம், அகதிகள், எல்லை, குடியேற்றங்கள் என்று கஷ்டமான எல்லாவற்றையும் 'அப்புறம் பேசிக்கலாம்' என ஐந்து வருட இடைக்காலத்துக்குப் பின்னால் தள்ளிவைத்தார்கள். அதற்குள் நம்பிக்கை வளரும் என்பது திட்டம்.

வளர்ந்தது நம்பிக்கை இல்லை. 1994 பிப்ரவரியில் ஹெப்ரான் நகரில், ரம்ஜான் மாதத் தொழுகையில் இருந்த 29 பாலஸ்தீனர்களை பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற யூதக் குடியேறி சுட்டுக் கொன்றார். ஏப்ரலில் அஃபுலா நகரில் ஹமாஸ் தற்கொலைத் தாக்குதல் நடத்தியது. அதன் பிறகு பேருந்துகளில் தொடர் குண்டுவெடிப்புகள். 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில், அமைதிப் பேரணி முடிந்து காருக்கு நடந்த ராபினை ஒரு யூதத் தீவிரவாத இளைஞர் சுட்டுக் கொன்றார். பாலஸ்தீனர்களுடன் ஒப்பந்தம் போட்டதுதான் அவர் செய்த 'குற்றம்'.

ஒப்பந்தத்தைக் கொல்ல நினைத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள், இரண்டு பக்கமும் ஜெயித்தார்கள்.

இதே காலத்தில் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. ஒஸ்லோ கையெழுத்தானபோது கிழக்கு ஜெருசலேம் தவிர்த்து மேற்குக் கரையில் இருந்த யூதக் குடியேறிகள் சுமார் 1.1 லட்சம் பேர். 2000-ல் கிட்டத்தட்ட 2 லட்சம். 'பங்கு பிரிக்கப் பேசிக்கிட்டே இருக்கும்போது அந்த நிலத்துலேயே வீடு கட்டிக்கிட்டே போனா அதுக்குப் பேர் பேச்சுவார்த்தையா?' என்று பாலஸ்தீனர்கள் கேட்டார்கள். 'கையெழுத்துப் போட்ட பிறகும் பஸ்ஸில் குண்டு வெடிக்குதே, அதுக்குப் பேர் அமைதியா?' என்று இஸ்ரேலியர்கள் கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

கேம்ப் டேவிட் 2000: பழி பிறந்த இடம்

'யார் மேல தப்பு' என்ற கேள்விக்கு மிகப் பெரிய விலை கொடுத்தது இந்த ஒரு மாநாட்டுக்காகத்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

2000 ஜூலை 11. அமெரிக்க அதிபரின் ஓய்வு மாளிகையான கேம்ப் டேவிட். இஸ்ரேல் பிரதமர் எஹுத் பராக், அராஃபத், கிளின்டன். ஒரு குடிலின் வாசலில் 'நீங்க முதல்ல போங்க', 'இல்ல நீங்க போங்க' என்று பராக்கும் அராஃபத்தும் ஒருவரை ஒருவர் செல்லமாகத் தள்ளிக்கொள்ளும் வீடியோவை இன்றும் பார்க்கலாம். கிளின்டன் பக்கத்தில் நின்று சிரிப்பார். வெளியில் இருந்த நெருக்கம் அவ்வளவுதான். உள்ளே இரண்டு வாரமும் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேரம் பேசவே இல்லை எனலாம். பராக் அதைத் தவிர்த்தார். எல்லாம் அமெரிக்கர்கள் வழியாகத்தான்.

மூவருக்குமே கால அவகாசம் இல்லை. கிளின்டனின் பதவிக்காலம் முடிய ஆறு மாதம். பராக் கிளம்பும்போதே அவருடைய கூட்டணி உடைந்து, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் மயிரிழையில் தப்பித்து வந்திருந்தார். அராஃபத்தோ, 'இன்னும் தயாராகலை, தோத்தா என் தலையில கட்டுவீங்க' என்று வரவே தயங்கினார். தோற்றாலும் அவர் மீது பழி போட மாட்டோம் என்று கிளின்டன் வாக்குக் கொடுத்த பிறகுதான் வந்தார்.

பராக் முன்வைத்தது சாதாரணமானது இல்லை. அதுவரை எந்த இஸ்ரேல் பிரதமரும் அந்த அளவு இறங்கி வந்ததில்லை. பின்னாளில் அமெரிக்கத் தரப்பில் இருந்தவர்கள் எழுதியதன்படி, காஸாவும் மேற்குக் கரையில் சுமார் 91 சதவீதமும் பாலஸ்தீனத்துக்கு. கிழக்கு ஜெருசலேமின் சில பகுதிகளும் உண்டு. ஆனால், எதுவும் எழுத்தில் தரப்படவில்லை. அமெரிக்காவின் யோசனை போல வாய்வழியாகவே வந்தது. பழைய நகரத்தில், முஸ்லிம்கள் ஹரம் அல் ஷரீஃப் என்றும் யூதர்கள் கோயில் மலை என்றும் வணங்கும் வளாகத்தின் இறையாண்மையை இஸ்ரேல் விடத் தயாராக இல்லை. அகதிகள் விஷயம் பேசி முடிக்கப்படவே இல்லை.

அராஃபத் மறுத்தார். மறுத்ததைவிடப் பெரிய குற்றச்சாட்டு, மாற்றாக ஒரு முழுமையான திட்டத்தை அவர் வைக்கவில்லை என்பது. அந்த மலையில் யூதர்களின் கோயில் இருந்ததே இல்லை என்று அவர் பேசியது அமெரிக்கர்களையே அதிர வைத்ததாக, தலைமைத் தூதர் டென்னிஸ் ராஸ் பிறகு எழுதினார்.

ஜூலை 25 அன்று மாநாடு முடிந்தது. வாக்குக் கொடுத்த கிளின்டனே பராக்கைப் புகழ்ந்து, அராஃபத்தை மறைமுகமாகக் குறை சொன்னார். பராக் இன்னும் ஒரு படி மேலே போனார். 'எல்லாம் கொடுக்க முன்வந்தோம், அந்தப் பக்கம் அமைதிக்கு ஆளே இல்லை' என்ற அவருடைய செய்தி இஸ்ரேல் முழுக்கப் பரவியது.

உண்மையில் நடந்தது அதுதானா? அந்த அறைக்குள் இருந்தவர்களே ஒத்துப்போகவில்லை. ராஸ், அராஃபத்தால் போராட்டத்தை முடித்துக்கொள்ள முடியவில்லை என்றார். அதே அமெரிக்கக் குழுவில் இருந்த ராபர்ட் மாலே, ஆய்வாளர் ஹுசைன் ஆகாவுடன் சேர்ந்து 2001-ல் எழுதிய கட்டுரையில், மூன்று தரப்புமே தப்பு செய்தன என்றார். இன்னொரு அமெரிக்க அதிகாரி ஆரன் டேவிட் மில்லர், 'நாங்க நடுவரா இல்லை, இஸ்ரேலுக்கு வக்கீலா இருந்தோம்' என்ற பொருளில் எழுதினார். இஸ்ரேல் தரப்பில் மேசையில் இருந்த அமைச்சர் ஷ்லோமோ பென் அமியே, 'நான் பாலஸ்தீனனாக இருந்திருந்தால் நானும் கேம்ப் டேவிட்டை மறுத்திருப்பேன்' என்ற பொருளில் 2006-ல் சொன்னார்.

ஆனால் இந்த விளக்கங்கள் எல்லாம் வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. செப்டம்பர் 28 அன்று எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன், பலத்த போலீஸ் பாதுகாப்போடு அந்தப் புனித வளாகத்துக்குள் நடந்தார். மறுநாள் மோதல் வெடித்தது. அதுதான் இரண்டாவது இன்டிஃபாடா. நான்கைந்து வருடத்தில் சுமார் 1,000 இஸ்ரேலியர்களும் 3,000-க்கும் அதிகமான பாலஸ்தீனர்களும் செத்தார்கள்.

கிட்ட வந்துவிட்டார்கள், நேரம்தான் இல்லை

பலருக்கும் தெரியாத ஒன்று, கேம்ப் டேவிட்டோடு பேச்சு முடிந்துவிடவில்லை என்பது. அதே டிசம்பர் 23 அன்று கிளின்டன் ஒரு வரைவை வாசித்தார். மேற்குக் கரையில் 94 முதல் 96 சதவீதம் பாலஸ்தீனத்துக்கு, அதோடு கொஞ்சம் நிலப் பரிமாற்றம், ஜெருசலேமில் அரபுப் பகுதி அவர்களுக்கு, யூதப் பகுதி இவர்களுக்கு. கேம்ப் டேவிட்டில் மறுத்ததைவிட இது நல்ல திட்டம் என்பதைக் கவனியுங்கள். இரு தரப்பும் நிபந்தனைகளோடு ஏற்றதாக வெள்ளை மாளிகை சொன்னது. இஸ்ரேலின் நிபந்தனைகள் கிளின்டன் வரைந்த எல்லைக்குள் அடங்கின என்றும், அராஃபத்தின் நிபந்தனைகள் அதைத் தாண்டிப் போயின என்றும் அமெரிக்கர்கள் பிறகு குறை சொன்னார்கள்.

2001 ஜனவரியில் எகிப்தின் டாபா நகரில் மறுபடி பேசினார்கள். 'இவ்வளவு நெருங்கி நாங்கள் வந்ததே இல்லை' என்பது முடிவில் வந்த கூட்டறிக்கையின் சாரம். ஆனால் பிப்ரவரி 6 அன்று இஸ்ரேலில் தேர்தல். 'அந்தப் பக்கம் ஆளே இல்லை' என்று பராக் சொன்னதை இஸ்ரேலிய மக்கள் அப்படியே நம்பினார்கள். நம்பியவர்கள் பராக்குக்கு ஏன் ஓட்டுப் போட வேண்டும்? ஷரோன் பெரிய வெற்றி பெற்றார்.

இந்த நம்பிக்கை என்ன செய்தது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 120 இடங்கள் கொண்ட இஸ்ரேல் நாடாளுமன்றத்தில், 1992-ல் ராபினின் தொழிலாளர் கட்சிக்கு 44 இடங்கள், அமைதி ஆதரவுக் கட்சியான மெரெட்ஸுக்கு 12. 2022 தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு 4. மெரெட்ஸுக்குப் பூஜ்யம். பாலஸ்தீனப் பக்கமும் இதேதான். 'பேசினால் கிடைக்கும்' என்ற ஃபத்தா கட்சியை மக்கள் கைவிட்டார்கள். 2006 ஜனவரி தேர்தலில் 132 இடங்களில் 74 ஹமாஸுக்கு. ஃபத்தாவின் ஊழலும் அதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆனாலும், பேசிப் பேசி என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு ஃபத்தாவிடம் பதில் இல்லை.

ஒரே நாளில் சமாதானமும் குண்டும்

2002 மார்ச் 27. பெய்ரூட்டில் அரபு லீக் மாநாடு. 1967-ல் பிடித்த நிலத்தை விட்டு இஸ்ரேல் வெளியேறி, பாலஸ்தீன நாடு அமைந்து, அகதிகள் பிரச்னைக்கு நியாயமான தீர்வும் கிடைத்தால், மொத்த அரபு நாடுகளும் இஸ்ரேலோடு சமாதானம் செய்துகொள்ளும் என்று சவுதி பட்டத்து இளவரசர் அப்துல்லா அறிவித்தார். 1967-ல் இதே அரபு நாடுகள் கார்ட்டூமில் கூடி 'சமாதானம் இல்லை, அங்கீகாரம் இல்லை, பேச்சுவார்த்தை இல்லை' என்று சொன்னவை. எவ்வளவு பெரிய மாற்றம்!

அன்று மாலையே இஸ்ரேலின் நெதன்யா நகரில், ஓட்டல் ஒன்றில் பஸ்கா பண்டிகை விருந்தில் ஹமாஸ் தற்கொலைத் தாக்குதல் நடத்தியது. 30 பேர் பலி. இரண்டே நாளில் இஸ்ரேல் ராணுவம் மேற்குக் கரை நகரங்களுக்குள் நுழைந்தது. அரபுத் திட்டத்தைப் படித்துப் பார்க்கக்கூட இஸ்ரேலில் ஆள் இல்லாமல் போனது.

காஸாவை விட்டு வெளியேறியது இஸ்ரேல், ஆனால்...

2005-ல் ஷரோன் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். காஸாவில் இருந்த 21 குடியேற்றங்களையும் காலி செய்து, அங்கிருந்த 8,000-க்கும் மேற்பட்ட யூதர்களைத் தன் ராணுவத்தை வைத்தே வெளியேற்றினார். ஆனால் பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸுடன் ஒப்பந்தம் போட்டு இதைச் செய்யவில்லை. 'அந்தப் பக்கம் ஆளே இல்லை' என்ற நம்பிக்கையின் நேரடி விளைவு இது. பேசிய அப்பாஸுக்கு இதில் எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. 'எங்கள் ஆயுதத்துக்குப் பயந்துதான் போனார்கள்' என்று ஹமாஸ் சொல்லிக்கொண்டது.

2007 ஜூனில் ஹமாஸ் காஸாவைத் துப்பாக்கி முனையில் கைப்பற்றியது. இஸ்ரேலும் எகிப்தும் எல்லையை இறுக்கின. 'வெளியேறினோம், ராக்கெட்தான் வந்தது' என்பது இஸ்ரேலியர்கள் கற்ற பாடம். 'வெளியேறவில்லை, வெளியில் இருந்து பூட்டினார்கள்' என்பது காஸா மக்களின் அனுபவம். வான்வெளி, கடல், பெரும்பாலான எல்லைகள் எல்லாம் இஸ்ரேல் கட்டுப்பாட்டில்தான் இருந்தன.

எடுத்துப்போக முடியாத வரைபடம்

2008 செப்டம்பர் 16. இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மர்ட், ஜெருசலேமில் அப்பாஸிடம் ஒரு வரைபடத்தை விரித்தார். மேற்குக் கரையில் சுமார் 94 சதவீதம், மீதிக்குப் பெரும்பாலும் ஈடாக வேறு நிலம். புனிதத் தலங்கள் உள்ள பழைய நகரப் பகுதி யாருக்கும் சொந்தமில்லாமல், இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டான், சவுதி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் பொறுப்பில். இதுவரை வந்ததிலேயே தூரம் போன திட்டம் இதுதான்.

கையெழுத்துப் போட்டால்தான் வரைபடத்தைத் தருவேன் என்றார் ஓல்மர்ட். எடுத்துப்போய் நிபுணர்களிடம் காட்டாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார் அப்பாஸ். வந்து சேர்ந்ததும் நினைவில் இருந்ததை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டார். அந்தக் கிறுக்கல் பிற்பாடு வெளியே வந்து, 'நாப்கின் வரைபடம்' என்றே பெயர் பெற்றுவிட்டது. மறுநாள் நடக்க வேண்டிய சந்திப்பு நடக்கவில்லை.

யார் மேல தப்பு? ஓல்மர்ட் அதற்கு முன்பே ஊழல் வழக்கில் சிக்கி, பதவி விலகுவதாக அறிவித்திருந்தார். ஐந்தே நாளில் ராஜினாமா கடிதமும் கொடுத்தார். போகிற பிரதமரின் வாக்கை நம்பி அப்பாஸ் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அதே நேரம், அதைவிட நல்ல திட்டம் அதன் பிறகு அப்பாஸுக்கு வரவே இல்லை என்பதும் உண்மை. டிசம்பரில் காஸா போர். அடுத்த ஆண்டு பெஞ்சமின் நெதன்யாகு பிரதமர்.

2013-14-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி ஒன்பது மாதம் ஓடினார். குடியேற்ற அறிவிப்புகள், விடுவிக்கப்படாத கைதிகள், ஃபத்தா - ஹமாஸ் சமரசம் என்று ஒருவரை ஒருவர் கை காட்டியபடியே அதுவும் முடிந்தது. அதன் பிறகு இரு தரப்பும் மேசையில் உட்கார்ந்து தீர்வு பற்றிப் பேசவே இல்லை.

அக்டோபர் 7: காரணம் வேறு, நியாயம் வேறு

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் கூட்டாளிகளும் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலோர் பொதுமக்கள். 251 பேரைப் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோனார்கள். அதற்கு இஸ்ரேல் தொடுத்த போரில், இரண்டு வருடத்தில் கொல்லப்பட்டவர்கள் 67,000-க்கும் அதிகம் என்கிறது காஸா சுகாதாரத் துறை. ஊர்கள் தரைமட்டம், பட்டினி, கிட்டத்தட்ட எல்லோருமே இடம்பெயர்வு.

இங்கேதான் பழிக் கணக்கு மிக ஆபத்தாகிறது. முற்றுகையும் ஆக்கிரமிப்பும் அக்டோபர் 7-க்குப் பின்னணி என்பது உண்மை. ஆனால் வீட்டில் இருந்த பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதற்கு அது நியாயம் ஆகாது, அந்தப் பழி ஹமாஸுடையது. அக்டோபர் 7-தான் போருக்குக் காரணம் என்பதும் உண்மை. ஆனால் உணவை மறித்ததற்கும் பல்லாயிரம் குழந்தைகள் செத்ததற்கும் அது நியாயம் ஆகாது, அந்தப் பொறுப்பு இஸ்ரேல் அரசுடையது. 2024 நவம்பரில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகு, அவருடைய முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் யோவ் கேலன்ட், ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃப் ஆகிய மூவருக்கும் ஒரே நாளில் கைது வாரண்ட் போட்டது.

அதற்காக இரண்டு பக்கமும் சமம் என்று முடித்துவிடவும் முடியாது. ஒரு பக்கம் ராணுவமும் அணு பலமும் கொண்ட ஒரு நாடு, நிலமும் எல்லையும் அதன் கட்டுப்பாட்டில். இன்னொரு பக்கம் நாடே இல்லாத மக்கள். மேற்குக் கரையில் 60 சதவீதம் முழுக்க இஸ்ரேல் நிர்வாகத்தில். 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், இந்த ஆக்கிரமிப்பே சட்டவிரோதம் என்று கருத்துத் தெரிவித்தது. மாற்றக்கூடிய சக்தி யாரிடம் அதிகமோ அவர்களிடம் எதிர்பார்ப்பும் அதிகமாகத்தான் இருக்கும்.

இனி அமைதிக்கு வாய்ப்பு இருக்கா?

நேர்மையான பதில், கிட்டத்தில் இல்லை. அமெரிக்க அதிபர் டிரம்பின் 20 அம்சத் திட்டப்படி 2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் வந்தது, உயிரோடு இருந்த 20 பிணைக்கைதிகளும் வீடு திரும்பினார்கள், நூற்றுக்கணக்கான பாலஸ்தீனக் கைதிகளும் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் போர்நிறுத்தம் வேறு, தீர்வு வேறு. ஹமாஸ் ஆயுதத்தைக் கீழே போடுமா, இஸ்ரேல் ராணுவம் முழுசாக வெளியேறுமா என்ற இரண்டு கேள்வியும் 'நீ முதல்ல' என்ற இடத்திலேயே நின்றன.

மேற்குக் கரையில் குடியேறிகள் இப்போது 5 லட்சத்துக்கும் மேல். 2025 ஆகஸ்டில் ஜெருசலேமுக்குக் கிழக்கே 'ஈ-1' என்ற பகுதியில் சுமார் 3,400 வீடுகள் கட்ட இஸ்ரேல் அனுமதி கொடுத்தது. மேற்குக் கரையின் வடக்கையும் தெற்கையும் இது துண்டித்துவிடும். பாலஸ்தீன நாடு என்ற யோசனையையே இது புதைத்துவிடும் என்று நிதியமைச்சர் பெசலெல் ஸ்மோட்ரிச் வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு ஒரு வருடம் முன்பே இஸ்ரேல் நாடாளுமன்றம் பாலஸ்தீன நாட்டுக்கு எதிராக 68-க்கு 9 என்ற கணக்கில் தீர்மானம் போட்டிருந்தது.

உலகம் எதிர்த் திசையில் போகிறது. 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாம் பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரித்தன. இரு நாடு தீர்வை ஆதரிக்கும் 'நியூயார்க் பிரகடனம்' ஐ.நா. பொதுச்சபையில் 142-க்கு 10 என்று நிறைவேறியது. இந்தியா ஆதரித்தது. 1988-லேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்து, 1992-ல் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவும் வைத்துக்கொண்ட நாடு இது. அங்கீகாரத்தால் தரையில் ஒரு செக்போஸ்ட்கூட நகராது என்பது வேறு விஷயம்.

அப்படின்னா நம்பிக்கைக்கு ஒன்றுமே இல்லையா? ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1973-ல் எகிப்தும் இஸ்ரேலும் பெரிய போர் நடத்தின. இஸ்ரேலில் அதன் பிறகு ஆட்சிக்கு வந்த மெனாகெம் பெகின் சமாதானப் புறா கிடையாது, கடும் வலதுசாரி. ஓய்வுபெற்றால் சினாயில் உள்ள ஒரு யூதக் குடியேற்றத்தில்தான் வாழ்வேன் என்று சொன்னவர். 1979-ல் அதே பெகின் எகிப்து அதிபர் அன்வர் சதாத்துடன் ஒப்பந்தம் போட்டு, 1982-க்குள் சினாயைத் திருப்பிக் கொடுத்து, அங்கிருந்த குடியேற்றங்களையும் இடித்தார். சதாத் அதற்காகத் தன் உயிரையே விலையாகக் கொடுத்தார். ஆனால் ஒப்பந்தம் இன்று வரை உடையவில்லை. அந்த மேசையில் 'போரை ஆரம்பித்தது யார்' என்ற விசாரணை நடக்கவில்லை. நிலம் எப்போது கிடைக்கும், பாதுகாப்புக்கு என்ன உத்தரவாதம் என்றுதான் பேசினார்கள்.

சினாய் மாதிரி ஆளில்லாப் பாலைவனம் இல்லை மேற்குக் கரை. இரு தரப்பும் வீடு என்று நினைக்கிற மண் அது. அதனால் இது பல மடங்கு கஷ்டம். ஆனால் தீர்வு எப்படி இருக்கும் என்பதில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. கிளின்டன் வரைவு, டாபா, 2003-ல் இரு தரப்பு முன்னாள் அமைச்சர்கள் சேர்ந்து எழுதிய ஜெனீவா உடன்பாடு, ஓல்மர்ட்டின் வரைபடம் என்று எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இல்லாதது கையெழுத்துப் போடும் ஆள். போட்ட பிறகு தன் மக்களிடம் அதை விற்கக்கூடிய ஆள்.

90 வயதான அப்பாஸ் 2005-ல் நான்கு வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அதன் பிறகு அதிபர் தேர்தலே நடக்கவில்லை. கருத்துக்கணிப்புகளில் அவரைவிட அதிக ஆதரவு பெறும் மர்வான் பர்கூத்தி, ஐந்து ஆயுள் தண்டனையோடு 2002-ல் இருந்து இஸ்ரேல் சிறையில். போர் முடிந்து ஒரு வருடத்துக்குள் தேர்தல் என்று அப்பாஸ் வாக்குக் கொடுத்திருக்கிறார். இஸ்ரேலிலும் சட்டப்படி 2026 அக்டோபருக்குள் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தாக வேண்டும். அந்த இரண்டு பிரசாரத்திலும் யார் 'அந்தப் பக்கம் ஆளே இல்லை' என்று சொல்லாமல் ஓட்டுக் கேட்கிறார்கள் என்பதுதான் அடுத்து பார்க்க வேண்டியது.